கரடி விடுவது யார்?

தமிழில் கரடிக்கு ஒரு நல்ல பெயர் கிடையாது. பொய் சொல்கிறவனை ‘கரடி விடறான்’ என்கிறோம். சொன்னதையே சொல்லித் தொண்டை வறண்டால் ‘கரடியாய்க் கத்தினேன், காதுல வாங்கலையே’ என்று அலுத்துக்கொள்கிறோம். வேண்டாத நேரத்தில் வேண்டாத ஆள் வந்து நின்றால் ‘சிவபூஜையில் கரடி’. அது மிருகமே இல்லை, கரடிகை என்கிற வாத்தியம் என்று சொல்கிற தமிழறிஞர்கள் உண்டு. கரடி வந்து மறுப்பு அறிக்கை கொடுக்கப் போவதில்லை என்பதால் பழமொழி அப்படியே ஓடுகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு, ஜாம்பவான். மயிலாப்பூர் சபா மேடையில் ‘சங்கீத ஜாம்பவான்’ என்று அறிவித்தால் வித்வானுக்கு முகம் மலர்கிறது. சேப்பாக்கத்தில் ‘கிரிக்கெட் ஜாம்பவான்’ என்றால் கைதட்டல். ராமாயணத்தில் அனுமனுக்கே அவன் பலத்தை நினைவுபடுத்திய அந்தப் பெரியவர் ஒரு கரடி என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வந்தால்தான் நம்மிடம் கரடிக்கு மரியாதை.

இப்போது டி.வி. சேனல்கள் புதிதாக ஒரு பட்டம் கொடுத்திருக்கின்றன. ‘ஊருக்குள் புகுந்து கரடி அட்டகாசம்!’ கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒரு வீட்டு வாசலைக் கரடி கடந்துபோன சி.சி.டி.வி. காட்சி. பின்னணியில் பேய்ப்பட இசை. அதையே பத்துத் தடவை ஓட்டுகிறார்கள். கரடி அதில் ஒன்றும் செய்வதில்லை. நடக்கிறது, மோப்பம் பிடிக்கிறது, போகிறது. சில நேரம் பின்னாலேயே இரண்டு குட்டிகள். ஆனாலும் அது அட்டகாசம்.

அடையாறில் தோசையைப் பிட்டபடி அதைப் பார்க்கிற நாம் உடனே தீர்ப்பு சொல்கிறோம்: ‘ஃபாரஸ்ட்காரங்க என்னதான் பண்றாங்க? பிடிச்சுக் கொண்டுபோய்க் காட்டுல விட வேண்டியதுதானே?’

கேட்க நியாயமாக இருக்கிறது, கருணையாகவும் இருக்கிறது. சுடச் சொல்லவில்லை, காட்டில் விடத்தானே சொல்கிறோம்? ஆனால் தமிழ்நாட்டில் கரடியைப் பற்றி விடப்படும் கரடிகளிலேயே பெரிய கரடி இந்த ஒரு வாக்கியம்தான். இது கரடியைக் கொல்கிறது. மனிதனையும் காப்பாற்றுவதில்லை.

*

2022 நவம்பர் 6. தென்காசி மாவட்டம் கடையம் பக்கம். பைக்கில் மசாலாப் பொருள் விற்கப் போன ஒரு வியாபாரியை, புதரிலிருந்து வந்த கரடி கீழே தள்ளிக் கடித்துக் குதறியது. காப்பாற்ற ஓடிய இரண்டு பேரையும் விடவில்லை. மூன்று பேருக்கும் முகத்திலும் தலையிலும் மோசமான காயங்கள். ஊர் கூடிக் கல்லெறிந்தது. எல்லாவற்றையும் ஒரு செல்போன் படம் பிடித்தது. அன்று மாலைக்குள் தமிழ்நாடே அதைப் பார்த்துவிட்டது.

‘பிடி, பிடி’ என்று எல்லாப் பக்கமும் நெருக்கடி. வனத்துறை பிடித்தது. மயக்க ஊசி போட்டு, கூண்டில் ஏற்றி, களக்காடு வனப்பகுதிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நாம் கேட்டது அப்படியே நடந்தது. காட்டில் விடப்பட்ட அந்தக் கரடி பிழைக்கவில்லை. செத்துப்போனது.

அடுத்த வருஷம், 2023 ஏப்ரல். கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாடு. கோழியைத் தேடி ஒரு வீட்டுப் பக்கம் வந்த கரடி கிணற்றில் விழுந்தது. மயக்க ஊசி போட்டார்கள். ஊசி வேலை செய்தது. மயங்கிய கரடி தண்ணீருக்குள் மூழ்கியது. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

இந்த இரண்டு இடத்திலும் வேலை செய்த ஊழியர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. சுற்றிலும் கூட்டம், தலைக்கு மேல் போன் அழைப்பு, கையில் ஒரு மயக்க ஊசித் துப்பாக்கி. அந்த நிலையில் நம்மை நிறுத்தினால் ஓடிவிடுவோம். நான் கேட்பது வேறு. மயக்க ஊசி என்பது ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் கொடுக்கிற மயக்க மருந்து மாதிரிதான். அங்கே நம்மை எடை போடுகிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். அப்படி இருந்தும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே அழைத்துப்போகிறார்கள். கரடிக்கு இதில் எது நடக்கிறது? எடை, பார்வையால் ஒரு உத்தேசம். ஓடி, கல்லடி பட்டு, பயத்தில் உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும் மிருகத்தின் மீது தூரத்திலிருந்து ஒரு ஊசி. இதற்குப் பெயர் ‘பத்திரமாகப் பிடித்துக் காட்டில் விடுவது’.

சரி, அது பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கொண்டுபோய் விடுகிற காடு காலி மனையா? அங்கே ஏற்கெனவே வேறு கரடிகள் இருக்கும். தண்ணீர் எங்கே, புற்று எங்கே, பழமரம் எங்கே என்று புதிதாக வந்த கரடிக்குத் தெரியாது. இந்தப் பக்கம், அது விட்டுப்போன இடத்தில் குப்பைத்தொட்டி அப்படியே திறந்து கிடக்கும். நாளைக்கு இன்னொரு கரடி வரும். மறுபடியும் டி.வி., மறுபடியும் தோசை, மறுபடியும் ‘பிடிச்சு விட வேண்டியதுதானே?’

அதைவிட முக்கியமான ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிடிக்கப்போவது தாய்க்கரடி என்றால், குட்டி எங்கே?

*

நம் ஊர்க் கரடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

இதன் ஆங்கிலப் பெயர் ‘ஸ்லாத் பேர்’. அந்தப் பெயரே ஒரு கரடிதான். 1791-ல் ஜார்ஜ் ஷா என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி இதன் நீண்ட நகத்தையும் விசித்திரமான பல் வரிசையையும் பார்த்துவிட்டு, தென் அமெரிக்காவில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்குமே, ‘ஸ்லாத்’ என்ற சோம்பேறிப் பிராணி, அதன் இனம் என்று எழுதிவிட்டார். பிறகு இது கரடி என்று தெரிந்தது. ஆனாலும் அந்தச் ‘சோம்பேறி’ பட்டம் இன்று வரை போகவில்லை.

நம்மாட்கள் இவரைவிடத் தேவலை. சங்கப் பாடல்களில் இதற்கு ‘எண்கு’ என்று பெயர். எண்கு புற்றைத் தோண்டும், இலுப்பைப் பூவைத் தின்னும் என்று அந்தக் காலப் புலவர்கள் சரியாகக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றைய விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. இதன் முக்கிய உணவு கறையான், எறும்பு, பழம், தேன். மேல் வரிசையில் நடுப்பல் இரண்டும் கிடையாது. அந்த இடைவெளி வழியாக, உதட்டைக் குவித்து, வேக்குவம் கிளீனர் மாதிரி கறையானை உறிஞ்சும். மண் உள்ளே போகாமல் மூக்கை மூடிக்கொள்ளவும் முடியும். மூன்று நான்கு அங்குல நகம் எல்லாம் புற்றை உடைக்கத்தான்.

இதில்தான் வம்பே. உறிஞ்சுகிற சத்தம் வெகுதூரம் கேட்கும். அவ்வளவு சத்தம் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு, பக்கத்தில் ஆள் வருவது தெரியாது. கண் பார்வை சுமார், காதும் சுமார், மூக்கு மட்டும்தான் படு கூர்மை. காற்று எதிர்ப்பக்கம் வீசினால் அதுவும் உதவாது. தலை நிமிர்ந்தால் பத்தடியில் ஒரு மனிதன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அதிர்ச்சி.

மற்ற மிருகம் என்றால் ஓடும். இது பல நேரங்களில் ஓடாது, பாயும். ஏன்? புலியும் சிறுத்தையும் உலவும் காட்டில் ஆயிரமாயிரம் வருஷமாக வாழ்ந்த இனம் இது. மரம் ஏறித் தப்பலாம் என்றால் சிறுத்தையும் ஏறும். ஓடினால் புலி பிடித்துவிடும். ஆகவே எழுந்து நின்று உறுமி எதிராளியைத் துரத்துவதுதான் இதற்குத் தெரிந்த தற்காப்பு. எதிரில் இருப்பது புலியா, மசாலா வியாபாரியா என்று பார்த்து முடிவெடுக்க அந்த ஒரு விநாடியில் நேரமில்லை. நம்மைத் தின்ன வருவதில்லை. பயந்துபோய் அடிக்கிறது. அடிபட்ட நமக்கு அந்த வித்தியாசத்தால் பெரிய ஆறுதல் இல்லை, உண்மைதான். ஆனால் அடுத்த அடி விழாமல் தடுக்க வேண்டுமானால் இந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.

குட்டி இருந்தால் அந்தப் பயம் இரட்டிப்பு. கண் திறக்காத குட்டிகளைக் குகையிலோ பொந்திலோ ஈனுகிறது. ஒன்று அல்லது இரண்டு, அபூர்வமாக மூன்று. நம் நாட்டில் பெரும்பாலும் குளிர்காலத்தில். இரண்டு மூன்று மாதத்தில் வெளியே வரும் குட்டி, நேராக அம்மாவின் முதுகில் ஏறிக்கொள்கிறது. இப்படிக் குட்டியை முதுகில் சுமந்து திரிவதை வழக்கமாகவே வைத்திருக்கும் கரடி, உலகிலுள்ள எட்டு வகைகளில் இது ஒன்றுதான். பார்க்க அசிங்கமாக, சிக்குப் பிடித்து இருக்கிறதே அந்த நீள ரோமம், அது குட்டி பிடித்துக்கொள்ளும் கயிறு. ஆபத்து என்றால் குட்டி ஓடிவந்து முதுகில் ஏறிக்கொள்ள, அம்மா எதிரியைப் பார்த்துத் திரும்பும்.

ஒன்பது மாதம் வரை முதுகுச் சவாரி. அதற்குப் பிறகும் இரண்டு வயது வரை, சில சமயம் அதற்கு மேலும், அம்மா கூடவேதான். எந்தப் புற்றைத் தோண்டலாம், எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதெல்லாம் அந்த இரண்டு வருஷப் பாடம். டியூஷன் வைத்துச் சொல்லித்தர வேறு வாத்தியார் கிடையாது. தாயைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் குட்டி செத்தது. தப்பினால் ஆயுள் முழுக்கக் கூண்டு.

ஆகவே ‘பிடிச்சு விடு’ என்பது ஒரு கரடிக்கான தீர்ப்பு இல்லை. சில நேரம் மூன்று உயிருக்கான தீர்ப்பு.

*

இவ்வளவு எழுதியதும் அடையாறில் இருக்கும் இன்னொரு வகை நண்பர்கள் எனக்குக் கைகொடுக்க வருவார்கள். ‘கரெக்ட் சார்! அது அதோட காடு. நாமதான் ஆக்கிரமிச்சுட்டோம். பாவம் சார் கரடி!’

இவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கரடி பாண்டி பஜார் பொம்மைக் கடையில் தொங்கும் டெடி பேர் கிடையாது. இன்று சத்தீஸ்கரில் இருக்கும் வட பிலாஸ்பூர் வனக் கோட்டத்தில் மட்டும், 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை கரடி தாக்கிய சம்பவங்கள் 137. அதில் 11 பேர் இறந்தார்கள். மூன்று வருஷம்கூட முழுதாக இல்லை, ஒரே ஒரு வனக் கோட்டம். செத்தவர்களும் கடிபட்டவர்களும் யார்? இலுப்பைப் பூ பொறுக்கப் போனவர்கள், விறகு எடுக்கப் போனவர்கள், வயலுக்குப் போனவர்கள், காலைக்கடனுக்கு ஒதுங்கியவர்கள். கரடி பெரும்பாலும் தலையையும் முகத்தையும்தான் குறிவைக்கிறது. உயிர் பிழைத்தவர்களில் பலர் ஒரு கண் இல்லாமல், மூக்கு இல்லாமல் மிச்ச வாழ்க்கையை ஓட்டுகிறார்கள்.

அவர்களிடம் போய் ‘அது அதோட காடு’ என்று சொல்லிப் பாருங்கள். நீலகிரியில் தேயிலை பறிக்கும் பெண் அங்கே நிலம் ஆக்கிரமித்தவள் இல்லை. அந்த மலையைத் தேயிலைத் தோட்டமாக்கிய வெள்ளைக்காரத் துரையும் அவள் பாட்டன் இல்லை. காலையில் புதருக்குள் கையை விட்டுக் கொழுந்து கிள்ளினால்தான் அவளுக்குக் கூலி. புதருக்குப் பின்னால் கரடி இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு யாரும் ஆள் போட்டுத் தரவில்லை.

நான் படித்தது வணிகவியல். எங்கள் பாடத்தில் எந்தக் கணக்குக்கும் இரண்டு பக்கம். ஒரு பக்கம் வரவு, இன்னொரு பக்கம் செலவு. இந்தக் கணக்கில் வரவு யாருடையது? கும்பகோணம் டிகிரி காபி பேசும் மயிலாப்பூரில்கூட அலுவலகத்துக்குப் பதினோரு மணிக்கு வருவது டீதான். அந்தத் தேயிலை நமக்கு. ஏப்ரல், மே சீசன் நமக்கு. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், அதுவும் நமக்கு. மலைச்சரிவில் கண்ணாடி ஜன்னல் வைத்த காட்டேஜ் நமக்கு. ஜன்னலில் கரடி தெரிந்தால் ஸ்டேட்டஸ் போட போட்டோவும் நமக்கே.

செலவு? ஒரு மசாலா வியாபாரியின் முகம். ஒரு தொழிலாளியின் கண். ஒரு தாய்க்கரடி, இரண்டு குட்டி. வரவெல்லாம் சென்னையில், செலவெல்லாம் மலையில். இந்தக் கணக்கு டேலி ஆகாது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

*

கரடி ஏன் ஊருக்குள் வருகிறது? ‘காட்டில் சாப்பாடு இல்லை’ என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். பாதி உண்மை. மீதிப் பாதி, ஊரில் சாப்பாடு இருக்கிறது என்பது.

கறையானை ஒவ்வொன்றாக உறிஞ்சி வயிற்றை நிரப்புவது எவ்வளவு வேலை! அதற்குப் பதில் சத்துணவுக் கூடத்தின் தகரக் கதவை ஒரு இழுப்பு இழுத்தால் எண்ணெயும் பருப்பும் கிடைக்கிறது. கோயிலில் விளக்கெண்ணெய். ரேஷன் கடையில் சர்க்கரை. பேக்கரியில் கேக். நாம் காரை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வீசிய பிரியாணிப் பொட்டலம். நீலகிரியிலிருந்து வரும் கரடிச் செய்திகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். கதவை உடைத்தது, எண்ணெயைக் குடித்தது, போனது. பாதிக்கு மேல் இதே கதைதான். தாய் கற்றதைத்தான் குட்டி கற்கும் என்றேன். குட்டிக்கு இப்போது புற்று எங்கே என்ற பாடம் இல்லை. ரேஷன் கடை எங்கே என்ற பாடம்.

இது நமக்கு மட்டும் வந்த புதுப் பிரச்னை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா இதே முட்டாள்தனத்தைப் பல பத்தாண்டுகள் செய்தது. ஹோட்டல் குப்பையைக் கொட்டுவார்கள். கிரிஸ்லி என்கிற பெரிய கரடிகள் தின்ன வரும். டூரிஸ்ட்டுகள் பெஞ்சு போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். 1970 வாக்கில் கடைசிக் குப்பைக் கிடங்குகளை மூடியபோது, குப்பைக்குப் பழகிய கரடிகள் முகாம்களுக்குள் வந்தன. நிறையக் கரடிகள் கொல்லப்பட்டன. 1975-ல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்று சட்டப் பட்டியலில் சேர்த்தபோது அந்த வட்டாரத்தில் மிச்சம் சுமார் 136.

இன்று அங்கே ஆயிரத்தை ஒட்டி இருக்கிறது. பிடித்துப் பிடித்து வேறு காட்டில் விட்டதாலா? முக்கியமான வேலை வேறு. கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டி வைத்தார்கள். முகாமில் சாப்பாட்டை இரும்புப் பெட்டியில் பூட்டச் சொன்னார்கள். கரடியிடமிருந்து 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி போட்டார்கள். மீறினால் வழக்கு, அபராதம். கரடியை மாற்றுவதைவிட மனிதனை மாற்றப் பார்த்தார்கள்.

பக்கத்திலேயே கிராண்ட் டீட்டன் பூங்கா. அங்கே ‘399’ என்று எண் போட்ட ஒரு தாய் கிரிஸ்லி. 2007-ல் அது குட்டிகளோடு இரையைக் காத்துக்கொண்டிருந்தபோது நடந்து வந்த ஒருவர் எதிர்பாராமல் அருகில் போய்விட்டார். பாய்ந்து கடித்தது. கடிபட்ட அந்த மனிதரே, தாய் தன் குட்டிக்காகச் செய்தது, அதை ஒன்றும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிகாரிகளும் விட்டுவிட்டார்கள். 2020-ல் அது நான்கு குட்டிகளோடு வெளியே வந்தபோது உலகமே பார்த்தது. 2024 அக்டோபரில் கார் மோதி இறந்தபோது அதற்கு 28 வயது. அதற்குள் எத்தனை குட்டிகளை வளர்த்து ஆளாக்கிவிட்டது! 2007-ல் ‘பிடி, பிடி’ என்று அங்கே கத்தியிருந்தால் இது எதுவும் இல்லை.

‘அமெரிக்கா வேற சார், அங்க ஜனம் கம்மி, பணம் ஜாஸ்தி’ என்பீர்கள். சரி, நம் நாட்டுக்கே வருகிறேன்.

எண்பதுகளில் மயிலாப்பூர், தி.நகர் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். மூக்கில் கயிறு கோத்த கரடியை ஒருவர் ஆட்டிக்கொண்டு வருவார். குழந்தையை அதன் முதுகில் உட்காரவைத்தால் பயம் போகும் என்று தாய்மார்கள் காசு கொடுப்பார்கள். அதன் முடியைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டுவார்கள். அம்மா முதுகில் இருக்க வேண்டிய குட்டியைத் திருடி வந்து, அதன் முதுகில் நம் குட்டியை ஏற்றிவைத்தோம். அந்தக் குட்டியைப் பிடிப்பதற்காகப் பல இடங்களில் தாயைக் கொன்றார்கள். சூட்டு ஊசியால் மூக்கைக் குத்தினார்கள். பல்லை உடைத்தார்கள். குழந்தைக்குப் பயம் போனதா தெரியாது, கரடி வாழ்நாள் முழுக்கப் பயத்தில்தான் ஆடியது.

1972 வன உயிரினச் சட்டம் இதைத் தடுத்தது. காகிதத்தில். 1998-ல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் எதையும் வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் கரடிகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. ஏனென்றால் கரடியை ஆட்டிய கலந்தர் சமூகத்துக்கு அதைவிட்டால் வேறு பிழைப்பு இல்லை. கார்த்திக் சத்யநாராயணனும் கீதா சேஷமணியும் தொடங்கிய ‘வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.’ அமைப்பு அரசோடு சேர்ந்து வேறு வழியில் போனது. கரடியைக் கொடு, மாற்றுத் தொழிலுக்குப் பணம் தருகிறோம், உன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம் என்றது. ஆக்ரா உள்ளிட்ட மறுவாழ்வு மையங்களுக்கு 600-க்கும் மேல் கரடிகள் வந்து சேர்ந்தன. 2009 டிசம்பரில் கடைசிக் கரடியும் ஒப்படைக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

சட்டப் புத்தகம் முப்பது வருஷத்தில் செய்யாததை, மனிதனின் பிழைப்பையும் சேர்த்து யோசித்த திட்டம் சில வருஷத்தில் செய்தது. கரடியையும் மனிதனையும் எதிரெதிர் கட்சியாக நிறுத்தினால் இரண்டும் தோற்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

*

நம்மால் முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலன்று பெருங்களத்தூர் ரோட்டில் ஒரு முதலை கடந்துபோன வீடியோ ஊரையே கலக்கியது. வனத்துறைச் செயலாளராக இருந்த சுப்ரியா சாஹு என்ன சொன்னார்? சென்னையில் பல நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன, கூச்ச சுபாவம் உள்ளவை, சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது, பதற வேண்டாம் என்றார். நாமும் கேட்டுக்கொண்டோம். ஊரில் உள்ள முதலையை எல்லாம் பிடித்துக் கடலில் விடு என்று யாரும் கிளம்பவில்லை. நம் வீட்டு வாசலுக்கு வந்த முதலையிடம் காட்டிய நிதானத்தை, கோத்தகிரி கரடியிடமும் காட்டலாம்.

ஆகவே ஃபாரஸ்ட்காரர்களிடம் எதையாவது கேட்டே ஆகவேண்டும் என்றால், இனிமேல் இதைக் கேளுங்கள்.

கரடி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் அங்கே வர வேண்டியது மயக்க ஊசி இல்லை, போலீஸ். கூட்டத்தைக் கலைத்து, கரடி திரும்பிப்போகும் வழியைத் திறந்துவிட்டால் அது தானாகப் போய்விடும். கல்லெறிகிறவனும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனும்தான் முதலில் அப்புறப்படுத்தப்பட வேண்டியவர்கள்.

மலை ஊர்களின் சத்துணவுக் கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் உடைக்க முடியாத இரும்புக் கதவு போடுங்கள். மூடி போட்ட குப்பைத்தொட்டி வையுங்கள். ஒரு மயக்க ஊசி ஆபரேஷனை விட இது மலிவு. தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் கழிப்பறையும், போகிற வழிக்கு விளக்கும் கொடுங்கள். கேட்பாரற்றுப் புதர் மண்டிக் கிடக்கும் தேயிலைத் தோட்டத்தின் சொந்தக்காரரை, குடியிருப்பை ஒட்டிய புதரையாவது வெட்டச் சொல்லுங்கள்.

கடிபட்டவருக்கு இழப்பீடு உடனே போகட்டும். முகத்தைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை வரை, வேலைக்குப் போக முடியாத மாதங்களின் கூலி வரை. அவர் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்கு நாம் காசாகப் பதில் சொல்லாததால்தான் அது கல்லாகக் கரடி மேல் போய் விழுகிறது. அந்தக் காசை எங்கிருந்து எடுப்பது? 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் கொண்டுவந்தார்களே, அதோடு நாமெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கட்டலாம். மலையில் வரவு வைத்தவர்கள் நாம்தானே, செலவிலும் பங்கு எடுப்போம்.

சேனல் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கரடி நடந்துபோனால் ‘கரடி நடந்துபோனது’ என்று சொல்லுங்கள். பேய்ப்பட இசை வேண்டாம்.

வரும் சீசனுக்கு நீங்களும் மலையேறுவீர்கள். குளிர்காலத்தில் பிறந்த குட்டிகள் முதல்முறையாக அம்மா முதுகில் வெளியே வந்து திரிகிற காலம் அது. ரோட்டோரத்தில் அப்படி ஒரு அம்மாவைப் பார்த்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சத்தம் போடாமல் வண்டியை நகர்த்துங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திரும்பச் சென்னைக்கே எடுத்து வாருங்கள். பக்கத்து சீட்டில் யாராவது ‘இதையெல்லாம் பிடிச்சு எங்கேயாவது விட வேண்டியதுதானே’ என்று ஆரம்பித்தால், கரடி விடாதே என்று சொல்லுங்கள்.